மறந்தாலும் எரியாத விளக்கு

மன்னார் நகரத்துக்கும் விடத்தல்தீவுக்கும் இடையே ஓடிய அந்த பஸ்ஸை வழியிலுள்ள ஊர்கள் எல்லாம் ‘நாலுகண்ணன்’ என்றே அழைத்தன. 1937ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் அதன் முதலாளி அப்துல் ஹமீட் கொழும்புக்குப் போய் இரண்டு பெரிய விளக்குகளை வாங்கி வந்து, ஏற்கெனவே இருந்த இரண்டுக்கும் கீழே பூட்டுவித்தார். மாரி தொடங்கினால் அந்த வீதியில் எது பள்ளம், எது குளம், எது படுத்திருக்கும் எருமை என்று தெரியாது. புது விளக்குகளைப் போட்டால் அரை மைலுக்கு வீதி வெள்ளையாகக் கிடக்கும். பிள்ளைகள் பஸ்ஸைப் பார்க்கவென்றே வேலியோரம் வந்து நின்றார்கள்.

அதை ஓட்டியவன் தாராபுரத்து மர்சூக். வயது முப்பத்திரண்டு. அதற்கு முன் தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் சாமான் ஏற்றும் லொறியில் இருந்தான். இயல்பிலேயே அவசரக்காரன். பஸ் நிற்கும்போதும் அவன் கால் கிளச்சில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஏறுகிற கிழவிகள் அவனை ஏசுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே ஹோர்னை அடிப்பான். அந்த வருடம் மார்கழிக்குப் பிறகு அவனைப் பிடித்த அவதி அப்படிப்பட்டதல்ல.

மார்கழியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் பின்னேரம் விடத்தல்தீவிலிருந்து திரும்பும்போது பாப்பாமோட்டைச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தினான். அன்னப்பிள்ளை என்ற பெண் மன்னாரிலிருக்கும் தன் தமக்கைக்கு நெல் அனுப்ப நாலு சாக்கு கொண்டுவந்து வைத்திருந்தாள். கொண்டக்டர் றஊப் அவற்றைக் கூரையில் ஏற்றிப் படங்குத் துணியால் மூடிக் கட்ட வேண்டும். பஸ் நின்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும், பெற்றோல் வீணாகக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. மர்சூக் எஞ்சினை நிறுத்தினான். விளக்குகளையும் அணைக்கக் கை வைத்தான்.

“நானா, லைட்டை நூக்காதேங்கோ. கயிறு கட்டுறது தெரியேல்லை” என்று அன்னப்பிள்ளை கீழே நின்று கத்தினாள்.

“சரி தங்கச்சி, எரியட்டும்.”

மஃரிப் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. தேத்தண்ணிக் கடையின் பின் அறையில் தொழுதான். பிறகு ஒரு தேத்தண்ணி குடித்தான். மழை வலுத்ததால் இன்னொன்றும் குடித்தான். கூரையில் படங்கு காற்றில் பிய்ந்து, றஊப் அதை இரண்டாம் முறையும் கட்டவேண்டி வந்தது. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே போயிருக்கும். மர்சூக் வெளியே வந்தபோது நாலு விளக்கும் மஞ்சளாகியிருந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கவே மஞ்சள் சிவந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு ஸ்ராட்டரை அழுத்தினான். எஞ்சின் ஒருமுறை முனகியது. அடுத்த முறை அதுவும் இல்லை.

பழைய லொறியாக இருந்திருந்தால் முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் போதும். இது புது மாதிரி. உள்ளே நெருப்புப் பொறி வருவதற்கும் பற்றறியில் உயிர் இருக்க வேண்டும். றஊப்பும் அவனும் மாறி மாறிச் சுற்றினார்கள். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

அப்போதுதான் வயல் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். உடைந்த வரம்பை அடைக்கப் போன அன்னப்பிள்ளையின் கணவன் நடராசாவைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. கெண்டைக்காலில். முழங்காலுக்குக் கீழே சால்வையை முறுக்கி இறுக்கிக் கட்டி, இரண்டு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். பஸ் நிற்பதைக் கண்டதும் அவர்களுடைய முகத்தில் வந்த ஆறுதலை மர்சூக் பார்த்தான்.

“ஏத்துங்கோ, ஏத்துங்கோ! நல்ல காலம், பஸ் நிக்குது!”

“பஸ் ஓடாது” என்றான் மர்சூக்.

“என்ன சொல்லுறீங்கள்?”

“ஸ்ராட் எடுக்குதில்லை. தள்ளிப் பாப்பம். எல்லாரும் பிடியுங்கோ.”

பதினைந்து பேர் தள்ளினார்கள். சில்லு சேற்றில் புதைந்ததே தவிர ஓடவில்லை. மாட்டுவண்டி பூட்டினார்கள். ஓடையைக் கடக்கும் தாழ்ந்த பாலமான தாம்போதிக்கு மேலே வெள்ளம் பாய்ந்தது; பஸ் என்றால் கடந்திருக்கும், வண்டி இரண்டு மணித்தியாலம் காத்து நின்றது. மன்னார் ஆசுப்பத்திரிக்கு நடராசா போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. உயிர் தப்பியது. ஆனால் விஷமும், அவ்வளவு நேரமும் அவிழ்க்காமல் இருந்த கட்டும் சேர்ந்து காலைக் கொன்றுவிட்டன. ஐந்தாம் நாள் முழங்காலோடு எடுத்தார்கள்.

யாரும் மர்சூக்கை ஒன்றும் கேட்கவில்லை. பஸ் பழுதாகிவிட்டது, கெட்ட நேரம் என்றார்கள். முதலாளி கேட்டார். மர்சூக் அவருடைய முகத்தைப் பாராமல், “பற்றறி பழசு, முதலாளி” என்றான். அவர் புதியது ஒன்று வாங்கிக் கொடுத்தார். விஷயம் அதோடு முடிந்தது. அவனுக்கு மட்டும் முடியவில்லை.

பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பத்து அடி நடப்பான். திரும்பி வந்து கீழ் விளக்குகளின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். குளிர்ந்திருக்கும். மறுபடி நடப்பான். வெயிலில் காய்ந்த நாட்களில் கண்ணாடி சுடும். வெயிலின் சூடா, விளக்கின் சூடா என்று தெரியாமல் குந்தியிருந்து இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்து உள்ளே எட்டிப் பார்ப்பான். பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் நிற்கும்போது சுவிச்சைத் தட்டினேனா என்ற எண்ணம் வரும். ஸலாம் கொடுத்த உடனேயே செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு ஓடுவான். ஒருநாள் பகல் சோற்றில் கை வைத்தவன் எழும்பினான்.

“சோத்தை விட்டுட்டு எங்க போறீங்கள்?” என்று மனைவி ஸுஹறா கேட்டாள்.

“லைட் எரியுதோ எண்டு பாத்திட்டு வாறன்.”

“பகல் பன்ரெண்டு மணிக்கோ?”

“பகல்ல எரிஞ்சா ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான்.”

பார்த்துப் பார்த்தும் நம்பிக்கை வராததால் பற்றறி வயரைக் கழற்றி வைக்கத் தொடங்கினான். தினம் பத்துத் தரம் கழற்றிப் பூட்டியதில் அதன் தலை தேய்ந்து, ஓடும்போதே தொடர்பு விட்டு எஞ்சின் நின்றது. அதை விட்டுவிட்டு, ஓட்டம் முடிந்ததும் கீழ் விளக்குகளின் பல்புகளைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஸுஹறா அவற்றை அலுமாரியில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் கண்டெடுத்தாள்.

“எங்கட வீட்டில கரண்ட் இல்லை. இது ரெண்டும் இஞ்ச என்னத்துக்கு?”

மர்சூக் கதிரையில் இருந்தான். பிறகு எழும்பினான். கதவு வரை போய்த் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னான். விளக்கு எரியவிட்டது, இரண்டாவது தேத்தண்ணி, முதலாளிக்குச் சொன்ன பொய்.

ஸுஹறா பல்புகளை மறுபடி கைலேஞ்சியில் சுற்றினாள். “அந்தச் சனத்துக்குத் தெரியுமோ?” என்றாள்.

“தெரியாது.”

“அப்ப எனக்குச் சொல்லி என்ன? பாப்பாமோட்டைக்கு என்னையோ அனுப்பப் போறீங்கள்?”

பங்குனி அறுவடை நேரம் அவன் போனான். பஸ்ஸை விடத்தல்தீவில் நிறுத்திவிட்டு, இடைவேளையில் ஒருவரிடம் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தான். அன்னப்பிள்ளை களத்தில் தனியே பதர் தூற்றிக்கொண்டிருந்தாள். நடராசா வீட்டு வாசலில், கொஞ்சம் தூரத்தில், ஒரு கட்டிலில் இருப்பது தெரிந்தது. மர்சூக் சைக்கிளைப் பிடித்தபடியே, மூச்சு வாங்கச் சொன்னான். பற்றறி பழசில்லை. எஞ்சினை நிறுத்தினவன் விளக்கை அணைக்கவில்லை. தொழுதுவிட்டு உடனே வந்திருந்தாலும் பஸ் ஓடியிருக்கும். வரவில்லை.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்.”

“என்ன?”

“லைட் மங்கிச் செத்ததை நானும்தானே பாத்துக்கொண்டு நிண்டனான். நூக்க வேண்டாம் எண்டு கத்தினதும் நான்தான். என்ர சாக்குக்காக.” குரல் உயரவில்லை. “அவருக்கு நான் சொல்லேல்லை. நீங்கள் இதைச் சொல்லிப்போட்டு சைக்கிள்ல போயிருவீங்கள். நான் அவருக்குப் பக்கத்தில இருக்கவேணும்.”

மர்சூக் சைக்கிளை வைக்கோல் போரில் சாய்த்தான்.

“மூண்டு மாசமா என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டாள்.

“ஒவ்வொரு தரமும் பாக்கிறன். இறங்கினா, ஏறினா, பாக்கிறன். பல்பைக் கூடக் கழட்டிக்கொண்டு போறன்.”

“பாக்கிறது என்னத்துக்கு, நானா? மனிசன் எண்டா ஒருநாள் மறப்பான். நீங்கள் மறப்பீங்கள், நாளைக்கு உங்கட இடத்துக்கு வாறவன் மறப்பான். மறந்தாலும் எரியாத மாதிரிச் செய்ய ஏலாதோ?”

மர்சூக் சைக்கிளை எடுத்தான். வீதிக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு நேரான கேள்வி என்று அவனுக்கு உறைத்தது. மூன்று மாதமாக அவன் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தான். விளக்கைத் திருத்த நினைக்கவேயில்லை.

இறங்குதுறையில் வேலை செய்த காலத்தில் பழகிய சீவரத்தினம் அப்போதும் தலைமன்னாரில் இருந்தான். தந்திக் கம்பி பழுது பார்க்கும் வேலை. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அடுத்த வெள்ளிக்கிழமை மர்சூக் ரயிலேறிப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினான். சீவரத்தினம் சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி முகம் நுரையோடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்.

“ஐசே, இது பெரிய வித்தையில்லை. தந்தியில நாங்கள் ஒவ்வொரு நாளும் செய்யிறதுதான். சின்னக் கரண்ட் ஒண்டு சுருளுக்குள்ள ஓடினா இரும்பு காந்தமாகும். காந்தம் ஒரு நாக்கை இழுக்கும். நாக்கு ஒட்டினா பெரிய கரண்ட் போக வழி திறக்கும். சின்னக் கரண்ட் நிண்டா நாக்கு தானா விட்டிரும். லைட் போயிரும்.”

“அந்தச் சின்னக் கரண்டை எங்கயிருந்து எடுக்கிறது?”

“எஞ்சின் ஓடினா மட்டும் வாற இடத்திலயிருந்து. டைனமோவில இருந்து எடுப்பம். கூடக் குடிக்கிறது கீழ் லைட் ரெண்டும்தான், அதுகளுக்குப் பூட்டுவம்.”

சீவரத்தினம் பழுதாகிப்போன ஒரு மின்மணியைப் பிரித்து அதன் சுருளை எடுத்தான். நாக்குக்குத் தடித்த செம்புத் தகடு வைத்தான். அதெல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் அடக்கி, மழைத்தண்ணீர் போகாமல் மூடிக்கு மெழுகு வைத்தான். மன்னாருக்கு வந்து இருவரும் ஒரு முழுப் பகல் பஸ்ஸின் முன்னால் படுத்து எழும்பினார்கள். பின்னேரம் மர்சூக் எஞ்சினை முடுக்கினான். தகரத்துக்குள் ‘டிக்’ என்றொரு சத்தம். கீழ் விளக்குகள் பளீரென்றன. எஞ்சினை நிறுத்தினான். மறுபடி ‘டிக்’. இருட்டு. சுவிச்சைத் தொடவேயில்லை. மர்சூக் அதையே பதினைந்து தரம் செய்து பார்த்தான்.

“காணும் ஐசே, பெற்றோல் போகுது” என்றான் சீவரத்தினம்.

ஐப்பசி வரை எல்லாம் நன்றாக நடந்தது. அவன் கண்ணாடியில் கை வைத்துப் பார்ப்பது குறைந்தது. முற்றாக நிற்கவில்லை.

ஐப்பசி கடைசியில் முதல் வெள்ளம் வந்தது. பொழுது கருகும் நேரம் தாம்போதிக்கு மேலே முழங்கால் அளவு நீர். வழக்கம்போல றஊப் இறங்கி, ஒரு தடியால் குத்திக் குத்தி முன்னே நடந்தான். அவன் காட்டும் வழியில் மர்சூக் பஸ்ஸை மெல்ல மெல்ல உருட்டினான். நடுவில் நீரின் இழுவை கூடியது. மர்சூக் இன்னும் வேகத்தைக் குறைத்தான். எஞ்சின் தணிந்தது. டைனமோ தணிந்தது. ‘டிக்’ என்று கேட்டது.

கீழ் விளக்குகள் இரண்டும் போய்விட்டன. வெள்ளை வெளிச்சத்துக்குப் பழகியிருந்த கண்ணுக்கு மேல் விளக்குகள் எரிவதே தெரியவில்லை. றஊப் அவனுடைய பார்வையிலிருந்து மறைந்துபோனான். மர்சூக் பிரேக்கை மிதித்தான். முன் சில்லு ஒன்று தாம்போதியின் விளிம்பைத் தாண்டி இறங்கி, பஸ் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. உள்ளே பெண்கள் கத்தினார்கள். பக்கத்திலிருந்தவளின் மடிக்கு ஒருவருடைய குழந்தை உருண்டு போனது.

“றஊப்! றஊப்!”

மர்சூக் வெள்ளத்தில் குதித்தான். விளிம்புக்குக் கீழே, இடுப்பளவு நீரில், தடியை விடாமல் பிடித்துக்கொண்டு றஊப் எழும்பினான். வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினான்.

“லைட்டை ஏன் நூத்தனீ? கொல்லப் பாத்தியோ?”

“நான் நூக்கேல்லை. அதாய் நூந்தது.”

“ஆர் அதுக்குச் சொன்னது?”

மாடுகள் பூட்டி பஸ்ஸை இழுத்தெடுக்க மறுநாள் மத்தியானமாயிற்று. ஒருவருக்கும் காயமில்லை. முதலாளி அந்தத் தகரத்தைக் கழற்றி எறியச் சொன்னார். “ஆண்டவன் மனிசனுக்குக் கை தந்தது சுவிச் போடத்தான்” என்றார்.

அன்று மர்சூக் அவருக்கு உண்மையைச் சொன்னான். கந்தோர் மேசைக்கு முன்னால், ஈரச் சாரத்தோடு நின்று, பாப்பாமோட்டையில் நடந்ததைச் சொன்னான். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?”

“பயம், முதலாளி.”

“இப்ப?”

“இப்ப அதைவிடப் பெரிய பயம். நான் செய்த மருந்தும் ஆளைக் கொல்லப் பாத்தது. ஆனா இதை விடேலாது. இன்னொரு தரம் தாங்கோ. ஒரு கிழமை. சரிவராட்டி நானே கழட்டி எறியிறன். என்னையும் நிப்பாட்டிப் போடுங்கோ.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒரு கிழமைதான்” என்றார்.

அந்த வாரம் அவன் சரியாக உண்ணவில்லை. நடந்துகொண்டே யோசித்தான். எஞ்சினின் வேகத்தை விளக்கோடு கட்டியதுதான் பிழை என்பது தெரிந்தது. மெல்லப் போகும்போதுதான் வெளிச்சம் அதிகம் தேவை. அப்படியானால் எதோடு கட்டுவது? றைவர் இறங்கிப் போகும்போது கட்டாயம் கையோடு எடுத்துப்போகிற ஒன்று வேண்டும். திறப்பு, எஞ்சின் சாவி. திறப்பைத் திருப்பினால்தான் எஞ்சின் ஓடும். திறப்பை எடுத்தால் எஞ்சின் நிற்கும். எந்த றைவரும் திறப்பை பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகமாட்டான். சுருளுக்குப் போகும் சின்னக் கரண்டை டைனமோவிலிருந்து எடுக்காமல் திறப்புக்குப் பின்னாலிருந்து எடுத்தால் போதும்.

சீவரத்தினத்துக்குத் தந்தி அடித்தான். அவன் வந்து வயரை மாற்றினான். அத்தோடு நிற்காமல், பஸ்ஸை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்து, பற்றறிக்கு வரும் போகும் கரண்டைக் காட்டும் மீற்றர் முள்ளைக் கவனித்தான்.

“இஞ்ச பார். நாலு லைட்டும் எரியேக்கை, ஓடினாலும் முள்ளு இறங்குது. டைனமோ குடுக்கிறதைவிட லைட் குடிக்கிறது கூட. மழைக்காலம் முழுக்க உன்ர பற்றறி அரை உயிரிலதான் ஓடியிருக்கு. அண்டைக்கு ஒரு மணித்தியாலத்தில செத்ததுக்கு அதுவும் காரணம்.”

கீழ் விளக்குகளுக்குச் சிறிய பல்புகளைப் போட்டார்கள். வெளிச்சம் அரை மைல் போகாமல் கால் மைல் போனது. மீற்றர் முள் நடுவுக்குக் கீழே இறங்காமல் நின்றது. வேலியோரத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கார்த்திகை வெள்ளத்தில் மர்சூக் தாம்போதியைக் கடந்தபோது எஞ்சின் எவ்வளவு தணிந்தும் விளக்கு மங்கவில்லை. றஊப் மட்டும், “எதுக்கும் நான் ஒரு லாம்பும் கொண்டு போறன்” என்று ஒரு கையில் லாம்பும் மறு கையில் தடியுமாகவே நடந்தான்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் பாப்பாமோட்டைச் சந்தியில் நடராசா கவட்டுத்தடியோடு நின்றான். பக்கத்தில் அன்னப்பிள்ளை. அவளுடைய முகம் வீங்கியிருந்தது, அழுதிருந்தாள். மர்சூக் கீழே இறங்கினான்.

“இவ எல்லாம் சொல்லிப்போட்டா” என்றான் நடராசா. “நாலு நாளா நான் இவவோட கதைக்கேல்லை. உங்களோட என்ன கதைக்கிறதெண்டும் தெரியேல்லை.”

“ஏசுங்கோ. அடியுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

“அடிச்சா கால் வருமோ?” நடராசா பஸ்ஸின் முன்பக்கத்தை நெடுநேரம் பார்த்தான். “என்னவோ செய்து வைச்சிருக்கிறீங்களாம். காட்டுங்கோ.”

மர்சூக் தகரத்தைத் திறந்து காட்டினான். திறப்பைத் திருப்பினான், எடுத்தான். நடராசா நாக்கு ஒட்டுவதையும் விடுவதையும் பார்த்தான். நல்லது என்று சொல்லவில்லை. மன்னிப்பைப் பற்றியும் பேசவில்லை. “மற்ற பஸ், லொறியளுக்கும் இது இருக்கோ?” என்று மட்டும் கேட்டான்.

“இல்லை.”

“அப்ப?”

அந்த ஒரு சொல் மர்சூக்கை அடுத்த பல வருடங்களுக்கு ஓடவைத்தது. பகல் ஓட்டங்களுக்கிடையில் மன்னார்ச் சந்தியில் நிற்கும் ஒவ்வொரு லொறிக்காரனிடமும் போய் நின்றான். சிலர் சிரித்தார்கள். சிலர் தங்கள் வண்டியில் கை வைக்க விடவில்லை. முருங்கன் அரிசி லொறிக்காரர் ஒருவர்தான் முதலில் இணங்கினார். அவருடைய வண்டி இரண்டு மாரி காலம் ஓரிடத்திலும் நின்றுபோகாமல் ஓடியதைக் கண்ட பிறகு மற்றவர்கள் வந்தார்கள். யுத்தம் தொடங்கி விளக்குகளுக்குக் கறுப்பு மறைப்புப் போடச் சொன்ன காலத்திலும் வந்தார்கள். 1943இல் பஸ் ஓட்டத்தை விட்டு, சந்தைக்குப் பின்னால் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டு அந்த வேலையையே செய்தான்.

அவனுடைய அவதி தீரவில்லை. கொட்டிலில் இருந்த ஒரே கதிரையில் அவன் இருந்ததை அதிகம் பேர் கண்டதில்லை. பாதித் தேத்தண்ணியில் எழும்புவான். ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டால், அது யாருடைய வண்டி, எந்த ஊருக்குப் போகிறது, அதன் பற்றறி எப்படி என்று வாசலுக்கு வந்து பார்ப்பான். ஸுஹறா முதலில் சண்டை பிடித்தாள். பிறகு அவன் சோற்றைத் தட்டில் போடுவதை விட்டு, நின்று கொண்டே தின்னக்கூடியதாகக் கறியை ரொட்டியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள்.

1946 சித்திரையில் ஒரு நண்பகல். சிலாவத்துறையிலிருந்து கருவாடு ஏற்றிவந்த லொறி ஒன்று கொட்டில் வாசலில் நின்றது. சரிபுதீன் என்ற புது றைவர், முன்னால் மூன்று மேலதிக விளக்குகளைப் பூட்டியிருந்தான்.

“நானா, ரெண்டு கிழமைக்குள்ள ரெண்டு தரம் பற்றறி செத்துப்போச்சு. வித்தவன் ஏமாத்திப்போட்டான் போல.”

மர்சூக் விளக்குகளைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தைப் பார்த்தான்.

“லைட்டை மறந்து விட்டனீரோ?”

சரிபுதீன் வேறு பக்கம் பார்த்தான். “இல்லை நானா. பற்றறிதான் பழசு.”

முன்பு முதலாளியிடம் தான் சொன்ன அதே சொற்களை மர்சூக் கேட்டான். பாயை எடுத்து லொறிக்குக் கீழே விரித்தான்.